ஓரத்துக்கு இன்னொரு தடவை

காருக்கு வீட்டிலேயே பாலிஷ் போட்டுவிடலாம், ஒரு மணி நேர வேலை என்றார் அத்தான். அவருடைய ஒரு மணி நேரத்தை நான் நன்றாக அறிவேன். சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்ற ஒரு மணி நேரம் என்று ஆரம்பித்து, மூன்று நாள் அக்காவைக் குளியலறையில் உட்கார்ந்து பாத்திரம் கழுவ வைத்தவர் அவர். ஆனாலும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே காரைக் கொண்டுபோய் அவர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். காரைக் கேட்டது அக்கா.

அத்தானுக்குத் தரைக்குப் பாலிஷ் போடும் வேலை. பளிங்கு, மொசைக், எந்தக் கல்லானாலும் சரி. இருபத்தாறு வருஷமாக அதிரும் மெஷினைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரும் கல்மாவும் கலந்த குழம்பில் கணுக்கால் நனைய நின்றிருக்கிறார். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் குனிந்து, வெளிச்சத்துக்கு எதிராகத் தரையைப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்து மனிதர்களைப் பார்ப்பார். எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தபோது அக்காவின் முகத்தைப் பார்க்கும் முன் கூடத்துத் தரையைப் பார்த்து, "இங்க அலை இருக்கு" என்றார். அலை என்றால் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத மேடு பள்ளம். விரலை வைத்துத் தடவினால் அவருக்குத் தெரிந்துவிடும். எனக்கு மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தவர், குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டே வார்டின் தரையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். என் மனைவி அதை இன்னும் மறக்கவில்லை, என்னையும் மறக்க விடுவதில்லை.

இவ்வளவு பேசுகிறவரின் சொந்தக் கூடம் பாதிதான் மின்னுகிறது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் பாலிஷ் போட ஆரம்பித்தார். நடுவில் ஒரு கல் கொஞ்சம் தாழ்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார். அதைப் பெயர்த்துச் சரியாகப் பதித்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கலாம் என்று மெஷினை நிறுத்தினார். அந்த முதல் இன்னும் வரவில்லை. மின்னுகிற பாதியில் அக்கா இரண்டு தடவை வழுக்கி விழுந்திருக்கிறாள். அதனால் விருந்தாளிகள் எல்லோரையும் மின்னாத பாதியில் உட்காரவைப்பாள்.

வியாழக்கிழமை அக்கா போன் செய்தாள். குரலைத் தாழ்த்திப் பேசியதிலிருந்தே அத்தான் பக்கத்து அறையில் இருக்கிறார் என்று புரிந்தது.

"இவருக்கு விரல்ல உணர்ச்சி கொறஞ்சுக்கிட்டே வருதுடா. மெஷின் அதிர்ந்து அதிர்ந்து நரம்பு கெட்டுப்போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இப்பவே நிறுத்தினா இருக்கிறதாவது நிக்குமாம். இன்னும் ஒரு வருஷம் பிடிச்சா, சட்டப் பட்டன் போடக்கூட ஆள் வேணுமாம்."

"அத்தான் என்ன சொல்றாரு?"

"டாக்டருக்குத் தரையப் பத்தி என்ன தெரியும்ங்கிறாரு."

டாக்டருக்கு மட்டுமில்லை, அத்தானுக்கு வேலை தரும் மேஸ்திரிக்கும் சந்தேகம் வந்திருந்தது. கடைசியாகச் செய்த இரண்டு இடங்களிலும் மூலைகளில் அலை. அத்தான் போட்ட பாலிஷில் அலை என்று யாரும் அதுவரை சொன்னதில்லை. மேஸ்திரி நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. திங்கட்கிழமை ஒரு பெரிய கட்டடத்தின் முன்கூடத்தில் வேலை தொடங்குகிறது. முடியுமா முடியாதா என்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் சொன்னால் போதும். முடியாதென்றால் கல் கிடங்கில், வந்து இறங்கும் கற்களைப் பார்த்துத் தரம் பிரிக்கும் வேலை இருக்கிறது என்று சொல்லியிருந்தார். அத்தானுக்குக் கிடங்கு என்ற பேச்சே பிடிக்கவில்லை.

"உன் காரக் குடு," என்றாள் அக்கா. "பாலிஷ் போட்டுப் பாக்கட்டும். கை முடியுதா இல்லையான்னு அவருக்கே தெரியட்டும். முடிச்சதும் நீ பாத்து உள்ளதச் சொல்லு."

"நான் எதுக்கு? நீயே சொல்லேன்."

"நான் சொன்னா, பயந்து சொல்றேன்னு தள்ளிடுவாரு. நீ சொன்னா நம்புவாரு. நீதான் பொறந்ததுலேருந்து எதையும் நல்லா இருக்குன்னு சொன்னதே கிடையாதே."

நான் துணி கம்பெனியில் தைத்து வரும் சட்டைகளில் குறை கண்டுபிடிக்கும் வேலையில் இருக்கிறேன். நூல் பிரிந்திருக்கிறதா, பட்டன் நேராக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, வீட்டிலும் அதே புத்தி வந்துவிட்டது என்பது எல்லோருடைய புகார். அந்தப் புத்திக்கு இப்படி ஒரு வேலை வரும் என்று நான் நினைக்கவில்லை. என்னுடையது கருநீலக் கார், ஒன்பது வயது. வெயிலில் நிறுத்தினால் மேலெல்லாம் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள் தெரியும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அத்தான் கண்ணை மூடிக்கொள்வார். எனவே, "கொஞ்சம் பாலிஷ் போட்டுத் தர்றீங்களா?" என்று கேட்டதும் உடனே பிடித்துக்கொண்டார்.

வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட ஒரு நீள இடம் இருக்கிறது. அத்தானின் மெஷின், வாளிகள், தேய்ந்த பாலிஷ் கற்கள் எல்லாம் அங்கேதான் கிடக்கும். அதையெல்லாம் நகர்த்திக் காருக்கு இடம் பண்ணவே எட்டரை ஆகிவிட்டது. நகர்த்தியது நான். "அத இப்படித் திருப்பு, அந்த வாளிய அங்க வைக்காத" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். எப்போதும் மடிப்புக் கலையாத சட்டை போடுகிற மனிதர், அன்று கழுத்து தொங்கிப்போன பனியனோடு நின்றார். சட்டை எங்கே என்று கேட்கலாமென்று வாயெடுத்தேன், பட்டன் ஞாபகம் வந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

கழுவுவதற்கே மூன்று தடவை. முதல் தடவை மண் போக, இரண்டாவது தடவை எண்ணெய் போக. மூன்றாவது எதற்கென்று கேட்டேன். "ரெண்டாவது தடவ நீ கழுவுனதால" என்றார். பிறகு களிமண் மாதிரி இழுத்தால் இழுபடும் ஒரு கட்டியைத் தண்ணீர் தெளித்துத் தெளித்து மேலெல்லாம் உருட்டினோம். பெயிண்டில் ஒட்டியிருக்கும் தூசியை அது பிடுங்கிக்கொள்ளும். கை நழுவி அது ஒருமுறை தரையில் விழுந்தது. விழுந்த கட்டியை மறுபடி வைத்தால் மண் கீறும், தூக்கிப் போடுங்கள் என்றேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இந்தப் பக்கம் நல்லாத்தான் இருக்கு" என்றார். பிடுங்கிச் சுவருக்கு அப்பால் எறிந்தேன்.

சண்டை பெரிதானது டேப் ஒட்டும்போது. நான் முந்தின நாள் இரண்டு மணி நேரம் வீடியோ பார்த்துவிட்டுப் போயிருந்தேன்.

"அத்தான், ஓரத்துலயும், மேடா கோடு மாதிரி வர்ற இடத்துலயும் டேப் ஒட்டிட்டு, மெஷின் படாம விட்டுடணுமாம். அங்க பெயிண்ட் ரொம்ப மெல்லிசாம்."

"யாரு சொன்னது?"

"வீடியோல."

"அந்த ஆளு எத்தன வருஷமா இந்த வேலைல இருக்கான்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"ஓரத்த விட்டவன் வேலைக்காரனா மச்சான்? நடுவுல யாரு வேணா மினுக்கிக் காட்டிடலாம். ஓரத்துக்குப் பெரிய மெஷின் எட்டாது, அங்கதான் ஏமாத்தும். அதனால ஓரத்துக்கு எப்பவும் இன்னொரு தடவ."

தரைக்கு அது சரி. தரையில் தேய்க்கத் தேய்க்கக் கல்தான். காரில் இருப்பதோ ஒரு தாள் கனத்துக்குப் பெயிண்ட், அதிலும் பளபளப்பெல்லாம் மேலே இருக்கும் பாதியில்தான். இதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். "தெரியும், தெரியும்" என்று மூன்று தடவையும் தலையாட்டினார். அத்தானின் தலையாட்டலுக்கு, நீ பேசி முடி, நான் என் வேலையைப் பார்க்கிறேன் என்று பொருள். டேப்பை ரப்பர் மேலும் கதவு இடுக்குகளிலும் சுற்றிச் சுற்றி ஒட்டினார். மேடான கோடுகளை அப்படியே விட்டார். நாலு கதவும் டேப்பால் மூடி முடித்த பிறகுதான் என் போன் உள்ளே சீட்டில் கிடந்து அடிக்கத் தொடங்கியது. கண்ணாடி வழியே பார்த்தால் என் மேனேஜர்.

"அவசரம்னா திரும்பக் கூப்பிடுவாங்க," என்றார் அத்தான்.

திரும்பக் கூப்பிட்டார், ஆறு தடவை. டேப்பைப் பிரிக்க அத்தான் விடவில்லை. தலையில் அடித்துக்கொண்டு நின்றேன்.

கல் வெட்டும் பட்டறை நண்பர் ஒருவரிடமிருந்து அவர் ஒரு சின்னக் கை மெஷின் வாங்கி வந்திருந்தார். நுனியில் ஸ்பாஞ்சு வட்டு சுழலும். வட்டில் வெள்ளைக் களிம்பைத் தடவிக் காரின் கூரையில் வைத்து ஓட்டினார். அதைச் சொல்லத்தான் வேண்டும், கூரை பிரமாதமாக வந்தது. இடமிருந்து வலம், பிறகு மேலிருந்து கீழ், பாதிப் பாதி ஏறி வரும்படி அவர் மெஷினை நகர்த்திய விதத்தில் ஒரு நிதானம் இருந்தது. களிம்பைத் துடைத்ததும் மேலே இருந்த தகரத்தின் வரிகள் ஒவ்வொன்றும் கார்க் கூரையில் நேராகத் தெரிந்தன. ஒன்பது வருஷத்தில் அந்த நீலத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லாமல், கண்ணாடி இடுக்கில் களிம்பு ஏறியிருக்கிறது, இதை யார் சுரண்டுவது என்று அரை மணி நேரம் திட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். சாயங்காலம் ஆறு மணிக்குக் கூரையும் ஒரு பக்கமும்தான் முடிந்திருந்தது. நான் நடந்து வீட்டுக்குப் போனேன்.

வாசல் வரை வந்த அக்கா கேட்டாள்.

"எப்படி இருக்கு?"

"கூர நல்லாத்தான் வந்திருக்கு."

அவள் முகம் மலரவும் இல்லை, வாடவும் இல்லை. "அது சமதளம்டா," என்றாள். இருபது வருஷம் இவரோடு குடித்தனம் நடத்தியதில் தரையைப் பற்றி அவளும் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் காலையில் நான் போனபோது கதவுகள் முடிந்திருந்தன. அத்தான் விசிலடித்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை வேலைக்குக் கற்களை வரிசையாக எடுத்து ஒரு சாக்கில் வைத்திருந்தார், சொரசொரப்பான கல்லிலிருந்து வழவழப்பான கல் வரை. கார் நன்றாக வந்துவிட்டால் நான் நல்லா இருக்கு என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவர் நாளைக்கே அந்தப் பெரிய மெஷினைப் பிடிப்பார். நன்றாக வராவிட்டால் அதையும் நான்தான் சொல்ல வேண்டும். அக்கா என்னை நல்ல இடத்தில் மாட்டிவிட்டிருந்தாள்.

பானெட்டை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தார். அதன் இரண்டு பக்கமும் முன்கண்ணாடியிலிருந்து விளக்கு வரை மேடாக ஒரு கோடு ஓடும். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெயிண்டைத் தொட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். தேய்த்தால் சூடாகும், சூடு ஏறினால் நிறுத்த வேண்டும், அது அவருக்கும் தெரிந்ததுதான். அந்தக் கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்தபடி என்னிடம் ஏதோ கேட்டார். பதில் சொல்லிக்கொண்டே நானும் பக்கத்தில் கை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். தோசைக்கல் மாதிரி சுட்டது.

"சுடுது அத்தான்."

"வெயிலு," என்றார். கையை எடுக்கவில்லை.

நாங்கள் நின்றது நிழலில். எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் புரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், வைப்பர் மேல் தண்ணீர் பாட்டிலை வைத்திருக்கிறீர்களே, அது என்ன அலமாரியா என்று கத்தினேன். அவர் பாட்டிலை எடுத்துக் கீழே வைத்துவிட்டு மெஷினைப் போட்டார்.

அக்கா டீ போட்டிருக்கிறேன் என்று கூப்பிட்டாள். உள்ளே போய் மின்னாத பாதியில் உட்கார்ந்து குடித்தேன். மெஷின் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. நகரும்போது சத்தம் கொஞ்சம் ஏறி இறங்கும். ஒரு கட்டத்தில் அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அக்கா என்னைப் பார்த்தாள்.

"ஓரத்துக்கு வந்துட்டாரு," என்றாள்.

டீயை வைத்துவிட்டு ஓடினேன். நான் போவதற்குள் மெஷினை அணைத்திருந்தார். பானெட் முழுக்கக் களிம்பு காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. அவர் அந்த மேட்டுக் கோட்டின் மேல் மூன்று விரல்களை வைத்து, முன்கண்ணாடியிலிருந்து விளக்கு வரைக்கும் மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"கண்ணாடி மச்சான். இந்தா, நீயே தொடச்சுப் பாரு. மொத ஆளா நீ பாக்கணும்."

துணியை என்னிடம் கொடுத்துவிட்டு, வட்டைக் கழுவ வாளியிடம் போய்க் குந்தினார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஆனால் கழுவவில்லை. காதைத் தீட்டிக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது.

நடுவிலிருந்து துடைத்தேன். நீலம் ஆழமாக வந்தது. இடது பக்கக் கோடு தப்பித்திருந்தது. வலது பக்கக் கோட்டில் துணியை ஓட்டினேன், களிம்பு ஒரு இடத்தில் மட்டும் போகவில்லை. மறுபடி துடைத்தேன். அழுத்தித் துடைத்தேன். அது களிம்பு இல்லை. ஒரு விரல் நீளத்துக்கு நீலமே போய், அடியிலிருந்த சாம்பல் பூச்சு தெரிந்தது. சுற்றிலும் நீலம் முடிகிற இடத்தில் நகம் தட்டியது. அவர் மூன்று விரலை வைத்து இழுத்துக்கொண்டு போன இடம் அது.

இரண்டு நாளாக எனக்குள் சேர்ந்திருந்த வசவெல்லாம் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. சொன்னேனா இல்லையா, வீடியோவில் சொன்னானா இல்லையா, தலையாட்டினீர்களா இல்லையா. சொல்ல எனக்கு எல்லா உரிமையும் இருந்தது. என் கார், என் பானெட், என் ஞாயிற்றுக்கிழமை. நான் அதே இடத்தைத் துடைத்துக்கொண்டே நின்றேன்.

"என்ன, அலை இருக்கா?" என்றார் திரும்பாமலேயே.

"இங்க வந்து பாருங்க அத்தான்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் எழுந்து வந்தார். வழக்கம்போலக் குனிந்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தார். பார்த்ததும் தெரிந்துவிட்டது, கண்ணில் ஒரு குறையும் இல்லையே. பிறகு விரலை வைத்தார். சாம்பலிலிருந்து நீலத்துக்கு, நீலத்திலிருந்து சாம்பலுக்கு. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை. வலது கையை எடுத்துவிட்டு இடது கையை வைத்தார். அக்கா வீட்டின் பின்கதவில் வந்து நின்றிருந்தாள்.

"நீ ஏன் மச்சான் திட்டல?" என்றார் அத்தான்.

"என்னது?"

"நேத்து கண்ணாடி இடுக்குல களிம்பு போனதுக்கு அரை மணி நேரம் திட்டுன. பாட்டில் வச்சதுக்குத் திட்டுன. இதுக்கு ஒண்ணுமே சொல்லலியே."

நான் துணியை மடித்தேன். பிரித்து மறுபடி மடித்தேன்.

"அப்ப நெஜமாவே போச்சு," என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தரையைப் பார்த்து அலை இருக்கு என்று சொல்வாரே, அந்தக் குரலில்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்கக் குனிந்து வாளித் தண்ணீரைக் கொட்டினேன். அவர் அக்கா பக்கம் திரும்பினார்.

"மேஸ்திரிக்குப் போன் போடு. நம்பர நீயே அமுக்கு."

அவள் அமுக்கிக் காதில் வைத்தாள். அவர் போனைக் கையில் வாங்கிக்கொள்ளவில்லை, அவள் பிடித்திருந்ததிலேயே பேசினார். "நாளைக்கு வேற ஆளப் போட்டுக்குங்க. நான் கிடங்குக்கு வர்றேன்." அந்தப் பக்கம் மேஸ்திரி ஏதோ நீளமாகச் சொன்னார். "அதெல்லாம் சரி. ஆனா கல்லு சரியில்லன்னா வண்டியத் திருப்பி அனுப்பிருவேன். அப்புறம் என்னைய ஒண்ணும் சொல்லக் கூடாது. என் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

அக்கா போனை அணைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கற்கள் வரிசையாக இருந்த சாக்கை அவரே தூக்கிக்கொண்டு போய் மூலையில் வைத்தார். திரும்பி வந்து என் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அந்தச் சாம்பல் தடத்துக்கு முன்னால் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இதுக்கு இதே நீலத்துல கொஞ்சம் பெயிண்ட் கலந்து தொட்டுவிட்டாப் போதும் மச்சான். நானே செஞ்சு தர்றேன். ஒரு மணி நேர வேலை."

அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. ஒரு மணி நேரமா, யார் காரில் யார் பெயிண்ட் அடிப்பது, கார் பக்கம் இனிமேல் நீங்கள் வந்தால் பாருங்கள், ரெண்டு நாள் லீவு போச்சு, மேனேஜர் ஆறு தடவை கூப்பிட்டார், நாளைக்கு நான் என்ன முகத்தோடு ஆபீஸ் போவது, வாஷர் மாற்றத் தெரியாத மனுஷனுக்குக் கார் ஒரு கேடா என்று ஆரம்பித்து, கூடத்தில் பதினொரு வருஷமாகத் தாழ்ந்து கிடக்கும் கல் வரைக்கும் போனேன். அக்கா தடுக்கவில்லை. அத்தான் கதவு இடுக்கில் ஒட்டியிருந்த டேப்பின் நுனியை நகத்தால் தேடிக்கொண்டே தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நுனி அவர் விரலில் சிக்கவில்லை. நான் அதைக் கொஞ்சம் பிரித்து அவர் கையில் கொடுத்தேன், திட்டுவதை நிறுத்தாமல்.